கை நீட்டக் கூடாத காலம்

ரன்வாவுக்கு வாயும் கையும் ஒன்றாகத்தான் நீளும். வாய் முந்திக்கொண்டால் எதிரில் நிற்பவன் பிழைத்தான். கை முந்திக்கொண்டால் போச்சு. இளவயதில் கோடைத் திருவிழா நடனத்துக்குப் போன இடத்தில், கூட்டத்தைச் சாக்கிட்டுப் பின்னால் கைவைத்த ஒருவனின் மூக்கை உடைத்து, நீதிமன்றத்தில் அபராதம் கட்டியவள் அவள். அந்த மூக்குக்காரன் இன்றைக்கும் அவளைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போய்விடுவான்.

பரோயே தீவுகளின் வடக்குக் கோடியில், ஒரு விரிகுடாவின் கழுத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன ஊர் அவளுடையது. மீன் ஆலையில் சால்மனின் செவுளை அறுக்கும் வேலை. கத்தி, ரத்தம், ஐஸ் தண்ணீர், மறுபடி கத்தி. நாற்பதை நெருங்கும் வயதில், துறைமுகத்தில் பழுதுபார்க்க நின்ற சரக்குக் கப்பலின் எந்திர அறையிலிருந்து ஏறிவந்த ரோடெல் என்ற பிலிப்பைன்ஸ்காரனைப் பார்த்தாள், பிடித்துப்போனது, அவன் ஊருக்கே போய்க் கல்யாணமும் பண்ணிக்கொண்டு வந்தாள். அவளுடைய தோளுக்குத்தான் வருவான். அவள் கத்தினால் சிரிப்பான். அப்படி ஒருவனை அதுவரை அவள் பார்த்ததில்லை.

இப்போது அவனைக் கூட்டிவர விசா வேண்டும். மனுவை வாங்கிப் பார்த்த தலைநகர் விசா அலுவலகப் பெண், கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"பழைய மூக்கு விவகாரம் ரொம்பப் பழசு. அதை விட்டுடலாம். ஆனா புதுசா ஒரு அடிதடி வழக்குல நீங்க குற்றவாளின்னு ஆயிட்டா, அவரைக் கூட்டிக்கிற பேச்சே கிடையாது. வருஷக்கணக்குல மனுவே போட முடியாது. அதனால தயவுசெஞ்சு, முடிவு வர்ற வரைக்கும் யாரையும் அடிக்காதீங்க."

"நான் என்ன, தினமுமா அடிக்கிறேன்?" என்றாள் ரன்வா.

அந்தப் பெண் ரன்வாவின் முஷ்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊருக்குத் திரும்பியதும் ரன்வா செய்த முட்டாள்தனம், இதை ஆலைச் சாப்பாட்டுக் கூடத்தில் சிரித்துச் சிரித்துச் சொன்னது. அன்றைக்குச் சாயங்காலமே அது அவளுடைய தம்பி யால்மரின் காதுக்குப் போய்விட்டது. அப்பா சாகும்போது படகை அவனுக்கும் வீட்டை அவளுக்கும் கொடுத்திருந்தார். படகைக் குடித்தே அழித்துவிட்டு, அவனுக்கு இப்போது வீட்டின்மேல் கண். அவள் அதைக் கொடுக்கவும் முடியாது. சொந்த வீடு இல்லாதவளுக்கு விசாவும் இல்லை.

வேலியில் சாய்ந்துகொண்டு கூப்பிட்டான் யால்மர்.

"வீட்டை என் பேருக்கு மாத்திடு. இல்லைன்னா உன் கட்டைப் புருஷன் இந்த மண்ணுல கால் வைக்க மாட்டான்."

"நீ யாருடா தடுக்க?"

"நான் ஏன் தடுக்கணும்? நீயே தடுத்துக்குவ. ஒரே ஒரு அடி போதும். உன்னால அடிக்காம இருக்க முடியுமா? உன்னை எனக்குத் தெரியாதா!"

ரன்வாவுக்கு ஆத்திரம் பொங்கியது. அவன் சொன்னது உண்மை என்பதுதான் காரணம். சின்ன வயதில் இவனை எத்தனை முறை துவைத்து எடுத்திருக்கிறாள். கதவை அறைந்து சாத்திவிட்டு, அடுப்பங்கரைச் சுவரில் முஷ்டியால் ஒரு குத்து விட்டாள். சுவர் வழக்குப் போடாது.

அக்டோபரில் ஆடு அடிக்கும் வாரம் வந்தது. மலையிலிருந்து ஓட்டிவந்த ஆடுகளை ரெகினின் கொட்டகையில்தான் எல்லோரும் சேர்ந்து அறுப்பார்கள். ரெகின் ஊர்ப் பெரிய மனுஷன், திமிங்கில வேட்டைக்கும் தலைவர். ரன்வாவின் வேலை ரத்தம் கிண்டுவது. ரத்தத்தைக் குடலில் அடைத்து வேகவைக்கும் ரத்தக்குடல் செய்ய வேண்டுமானால், சூடு ஆறும்வரை கையை விட்டுக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் கட்டிதட்டிவிடும். முழங்கைவரை ரத்தத்தில் கையை விட்டு அவள் குனிந்திருந்தபோது, யால்மர் வந்து அண்டாவை ஓங்கி ஓர் உதை விட்டான்.

அண்டாவின் விளிம்பு அவள் வாயில் மோதியது. உதடு கிழிந்தது. ரத்தம் முகத்திலும் மார்பிலும் வழிந்தது, ஆட்டுடையது எது அவளுடையது எது என்று தெரியவில்லை. அவள் எழுவதற்குள் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து, தோலுரித்த ஆடுகள் தொங்கிய உத்திரத்தைத் தாங்கும் தூணில் நெற்றியை மோதினான். ஒருமுறை. மறுபடியும்.

"அடிடி! எங்க போச்சு உன் கை? மாப்பிள்ளை பெட்டியில வச்சு எடுத்துட்டுப் போயிட்டானா?"

கண் இருட்டியது. கைக்கு எட்டும் தூரத்தில் மேசைமேல் கத்தி கிடந்தது. கத்தி எதற்கு, அவன் தொண்டைக்குழிக்கு முஷ்டியே போதும். ரன்வா இரண்டு கைகளையும் ரப்பர் மேலங்கியின் மார்புப் பட்டைக்குள் செருகிக்கொண்டாள். உள்ளே நகங்கள் சதையைக் கீறின. யால்மர் அவள் கன்னத்தில் பளார் பளார் என்று அறைந்தான். அவள் வாங்கிக்கொண்டே நின்றாள்.

ஆண்கள் கத்தியைத் துடைப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டார்கள். அக்கா தம்பி சண்டையில் யார் நுழைவது?

"போதும்டா யால்மர்," என்றார் ரெகின். "பாரு, அவ்வளவு ரத்தமும் வீணாப் போச்சு."

அன்று ரோடெல் வீடியோவில் கூப்பிட்டபோது அவள் அடுப்பங்கரை விளக்கை அணைத்துவிட்டுத்தான் பேசினாள். அவன் விடவில்லை. விளக்கைப் போடச் சொன்னான். போட்டாள். அவன் முகம் சுருங்கிப்போனது.

"திருப்பி அடிக்கலையா நீ?"

"அடிச்சா நீ எப்படி வருவ?"

"அப்படி ஒரு விசா எனக்கு வேணாம். அவன் மண்டையை உடை. நான் இங்கயே இருந்துக்கிறேன்."

"வாயை மூடு. நீ வரணும். வந்து இந்த மேசையில உக்காந்து உருளைக்கிழங்கு உரிக்கணும். எனக்கு வேற எதுவும் வேணாம். அதுவரைக்கும் அவன் என்னைத் தோலை உரிச்சாலும் சரி."

சொல்லிவிட்டு அவளே அழுதுவிட்டாள். அவனும் அழுதான். அப்புறம் அவளுடைய உதடு குரங்கு உதடு மாதிரி இருப்பதாகச் சொன்னான். வலியோடு சிரித்தாள்.

யால்மருக்குச் சலிப்பு வரவில்லை. சன்னல் கண்ணாடிகளை உடைத்தான். ஆலைக்குப் போகும் பாதையில் காத்திருந்து பனிச்சேற்றில் காலைத் தட்டி விழவைத்தான். விழுந்தவளின் விலாவில் உதைத்தான். போலீசுக்குப் போகலாமே என்று ரோடெல் சொன்னான். ஊரில் யாரும் கூடப்பிறந்தவன்மேல் போலீசுக்குப் போனதில்லை, அவளும் போகவில்லை. கடைசியில் ஒருநாள் வேலை முடிந்து வந்தவள், கறி உலர்த்தும் கொட்டிலின் கதவில் அவளுடைய நாய் லாப்பி கயிற்றில் தொங்குவதைப் பார்த்தாள். ஆட்டைத் துரத்திக் கடிக்கும் நாயை யார் வேண்டுமானாலும் கொல்லலாம் என்பது ஊர் வழக்கம். லாப்பி ஆட்டைக் கடிக்கிற நாயா? கிழட்டு நாய், பாதிப் பல் இல்லை. கயிற்றை அறுத்து அதை மடியில் போட்டுக்கொண்டு, வாய்விட்டுக் கத்தினாள். பிறகு செவுள் அறுக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு தம்பியின் வாடகை அறையை நோக்கி நடந்தாள். அவனைக் கொல்லத்தான் போனாள், அதில் சந்தேகம் வேண்டாம். பாதி வழியில், மீன் காயும் பந்தலுக்குப் பக்கத்தில் நின்று, வயிற்றில் இருந்ததையெல்லாம் வாந்தியெடுத்தாள். "உருளைக்கிழங்கு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

அடுத்த வாரம் திமிங்கிலக் கூட்டம் வந்தது. செய்தி வந்ததும் ஆலையில் எல்லாக் கத்திகளும் பாதி மீனிலேயே நின்றன. மேலாளர்தான் முதலில் ஓடினார். வேட்டைக்கு உரிமம் எடுத்திருந்த ரன்வாவும் ஈட்டியை எடுத்துக்கொண்டு ஓடினாள். படகுகள் பின்னாலிருந்து கல் எறிந்து விரட்ட, கரும் முதுகுகள் கரைக்கு நெருங்கி, வயிறு மணலில் தட்டி நின்றன. ரெகின் கையை உயர்த்தினார். ஊரே தண்ணீரில் பாய்ந்தது.

கொக்கியை மூச்சுத்துளையில் மாட்டி, கயிற்றைப் பத்துப்பேர் இழுத்தார்கள். பிடரியில் ஈட்டி இறங்கியது, விலங்கு ஒருமுறை உதறி அடங்கியது. அடுத்தது. அதற்கு அடுத்தது. விரிகுடாவில் இடுப்பளவுத் தண்ணீர் சிவந்தது. வால்கள் தண்ணீரை அறைந்தன, மனிதர்கள் கத்தினார்கள், எந்தக் குரல் யாருடையது என்று தெரியவில்லை. ரன்வா மூன்றாவது விலங்கின் பிடரியிலிருந்து ஈட்டியை உருவியபோது, பின்னாலிருந்து ஒரு முழங்கை அவளுடைய உதைபட்ட விலாவில் இறங்கியது. யால்மர். அவள் தலையைப் பிடித்துத் தண்ணீருக்குள் அழுத்தினான். வாய், மூக்கு, கண் எல்லாம் உப்பும் ரத்தமும். திமிறி மேலே வந்தாள்.

"இங்கயுமாடா?" என்று துப்பினாள்.

"எங்கயும்தான்," என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பு முடியவில்லை. காயம்பட்ட ஒரு திமிங்கிலம் திரும்பிய வேகத்தில் வால் அவன் இடுப்பில் விழுந்தது. அதன் கொக்கியில் தளர்ந்து கிடந்த கயிறு அவன் காலில் சுற்றிக்கொள்ள, விலங்கு அவனை இழுத்துக்கொண்டு ஆழத்துக்குப் போனது. இரண்டு முறை தலை தெரிந்தது. பிறகு கைகள் மட்டும்.

ரன்வா யோசிக்கவில்லை. இடுப்பிலிருந்த கத்தியை உருவிப் பல்லில் கடித்துக்கொண்டு நீந்திப் போனாள். கயிற்றை அறுத்தாள். ஆனால் பயத்தில் வெறிபிடித்திருந்த அவன் அவள்மேல் ஏறினான். அவள் தொண்டையைப் பத்து விரல்களாலும் பிடித்து, அவளைப் படியாக்கி மேலே வரப் பார்த்தான். அவள் உள்ளே போனாள். மேலே வந்தாள். மறுபடி உள்ளே போனாள். நுரையீரல் வெடிக்கும்போலிருந்தது. மூழ்குகிறவன் இப்படிப் பிடித்தால் செய்வதற்கு ஒன்றுதான் உண்டு, கடலோரத்தில் பிறந்த எல்லோருக்கும் அது தெரியும். கையை ஓங்கி, அவன் தாடையில் ஒரு குத்து விட்டாள். எலும்பு முறிவதை விரலில் உணர்ந்தாள். அவன் துவண்டான். கழுத்துப்பட்டையைப் பிடித்துக் கரைக்கு இழுத்துவந்தாள்.

கயிற்று வரிசையில் நின்ற அத்தனைபேரும் பார்த்தார்கள். ரெகின் மார்பளவு தண்ணீரில் நின்று தொண்டை கிழியக் கத்தினார். "அப்படித்தான்! அடிச்சுத்தான் இழுக்கணும்! விடாத பொண்ணே!"

அன்று ரோடெலிடம் அவள் பெருமையாகவே சொன்னாள். "ஒரே ஒரு அடிதான் அடிச்சேன். அதுவும் அந்தப் பாவியைக் காப்பாத்த."

காப்பாற்றப்பட்டவன் தலைநகர் ஆஸ்பத்திரியில், கம்பி போட்டுக் கட்டிய தாடையோடு போலீசிடம் புகார் கொடுத்தான். வீட்டுத் தகராறில் அக்கா தன்னைத் தண்ணீரில் வைத்து அடித்தாள் என்று.

ரன்வா பயப்படவில்லை. ஊரே பார்த்திருக்கிறதே! ரெகின் காற்றில் உலர்த்திய ஒரு முழு ஆட்டுத்தொடையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"கவலைப்படாத ரன்வா. ஊர் மொத்தமும் கோர்ட்டுக்கு வரும். உன்னை விட்டுக்கொடுத்துடுவோமா?"

அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். வக்கீலும், "அத்தனை பேர் சாட்சி சொன்னா வழக்கு நிக்கவே நிக்காது," என்றார்.

வழக்கு நாளில் ஊர் மொத்தமும் வந்தது உண்மைதான். ஞாயிற்றுக்கிழமைக் கம்பளிச் சட்டையோடு வரிசையாக உட்கார்ந்தார்கள். யால்மர், "நான் நல்லாத்தான் நீந்திக்கிட்டிருந்தேன். இவ வந்து அடிச்சா," என்றான். ரன்வா எழுந்து, "அடிச்சேன். அடிக்கலைன்னா ரெண்டு பேரும் செத்திருப்போம். இவங்க எல்லாரும் பாத்தாங்க," என்றாள். ரெகினைக் கூப்பிட்டார்கள்.

"நீங்க எங்க நின்னீங்க?"

"தண்ணியில."

"என்ன பாத்தீங்க?"

"ஒண்ணும் பாக்கல."

ரன்வாவுக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியது.

"இந்தம்மா இவரைக் காப்பாத்தினதைப் பாக்கலையா?"

"பாக்கல. அடிச்சதையும் பாக்கல. தண்ணி கலங்கலா இருந்துச்சு."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சில வருஷங்களுக்கு முன் திமிங்கில வேட்டையை எதிர்க்கும் வெளிநாட்டுக்காரர்கள் கேமராவோடு வந்து, கரையில் அவர்களிடம் வாய்விட்ட ஒருவனின் முகத்தை உலகம் முழுக்கக் காட்டினார்கள். அவன் பிள்ளைகளுக்குக் கொலைமிரட்டல் வந்தது. அதற்குப் பிறகு ஊர் நடனக்கூடத்தில் கூடி எல்லோரும் கைகொடுத்துக்கொண்டார்கள். விரிகுடாவில் நடப்பதை வெளியாள் யார் கேட்டாலும், போலீஸ் ஆனாலும் நீதிபதி ஆனாலும், பதில் ஒன்றுதான். பார்க்கவில்லை. அன்று ரன்வாவும் கைகொடுத்தாள்.

அடுத்தவன் வந்தான். பார்க்கவில்லை. அவனுக்கு அடுத்தவனும் பார்க்கவில்லை.

"வாயைத் தொறங்கடா!" என்று ரன்வா எழுந்து நின்று அலறினாள். "நடந்ததைச் சொல்லுங்கடா! நீங்கதானே பாத்தீங்க! ரெகின், நீதானே கத்தின!"

அவர்கள் தலையை இன்னும் குனிந்துகொண்டார்கள். எவ்வளவு நன்றாக நடிக்கிறாள் என்று நினைத்தார்கள். நீதிபதி அவளை உட்காரச் சொன்னார். ரெகின் யாருக்கும் தெரியாமல் அவளைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அடித்ததை அவளே ஒப்புக்கொண்டாள். காப்பாற்றியதைப் பார்த்தவர் யாரும் இல்லை. பழைய மூக்கு ஒன்று இருந்தது. குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. சிறை இல்லை, வெறும் அபராதம்.

வெளியே துறைமுகப் படிக்கட்டில் ரெகின் அவள் தோளைத் தட்டினார்.

"பாத்தியா? ஒருத்தன் வாயைத் தொறந்தானா? சின்ன அபராதத்தோட போச்சு."

"வாயைத் தொறக்கத்தான்யா உங்களைக் கூப்பிட்டேன்! நான் காப்பாத்தினேன்னு சொல்ல உங்களுக்கு என்ன கேடு?"

"நீ அடிச்சதை நாங்க பாக்கலைன்னாத்தானே உனக்கு நல்லது?"

"அடிச்சேன்னு நான்தான் ஒத்துக்கிட்டேனே!"

"அதை ஏன் ஒத்துக்கிட்ட?" என்று கேட்டார் அவர், நிஜமாகவே புரியாமல்.

"ரோடெல் வர மாட்டான், ரெகின். இன்னிக்கோட முடிஞ்சுபோச்சு."

அவர் முகம் வெளுத்தது. பக்கத்தில் நின்ற வக்கீலைப் பார்த்து, "மேல் கோர்ட்டுல வந்து சொல்றோம். எல்லாத்தையும் சொல்றோம்," என்றார்.

வக்கீல் சலிப்போடு பையை மூடினார். "சத்தியம் பண்ணி பாக்கலைன்னு சொன்னீங்க. இப்ப பாத்தோம்னு சொன்னா யார் நம்புவா? பொய்ச் சாட்சின்னு உங்களைத்தான் உள்ள தள்ளுவாங்க."

அந்த நேரம் பார்த்து யால்மர் படியிறங்கி வந்தான். வாய் இன்னும் ஒரு பக்கம் கோணியிருந்தது.

"அக்கா, இப்பவாவது வீட்டு விஷயம் பேசலாமா?"

ரன்வாவின் கை, இத்தனை மாதம் அடங்கிக் கிடந்த கை, புறப்பட்டுப் போனது. முதல் குத்தில் அவன் படியில் உருண்டான். அவள் அவன்மேல் விழுந்தாள். அண்டாவுக்கு ஒன்று. விலாவுக்கு ஒன்று. லாப்பிக்கு ஒன்று, இரண்டு, எண்ணிக்கை இல்லாமல். பல் தெறித்துக் கல்லில் விழுந்தது. "கொன்னுடுவா! பிடிங்கடா!" என்று அவன் குழறினான். ரெகின் திரும்பிக் கடலைப் பார்த்து நின்றார். அவர் திரும்பியதும் ஊர் ஆண்கள் எல்லோரும் திரும்பினார்கள். கம்பளிச் சட்டை போட்ட முதுகுகள் வரிசையாக நின்றன.

அடிக்க அடிக்க அவளுக்கு ஒன்றும் குறையவில்லை. அதுதான் கொடுமை. இத்தனை நாள் ஏங்கிக் காத்திருந்த அடி, கையில் கிடைத்ததும் வெறும் சதையாகவும் எச்சிலாகவும் இருந்தது. அவன் முகம் அடையாளம் தெரியாமல் ஆன பிறகும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். அவள் எழுந்து, படகு கட்டும் தூண்வரை நடந்துபோய் உட்கார்ந்து, தொலைபேசியை எடுத்தாள். விரல் முட்டிகள் பிளந்து எலும்பு தெரிந்தது.

"என்ன ஆச்சு?" என்றான் ரோடெல். அங்கே சேவல் கூவும் சத்தம் கேட்டது.

"தோத்துட்டேன்."

அவன் சேவலை விரட்டிக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அன்னிக்குத் தண்ணியில அவனை விட்டிருக்கணும், ரோடெல். நான் கரையில நின்னு பாத்துக்கிட்டிருந்தாலே போதும். அவன் செத்திருப்பான், நீ இங்க வந்திருப்ப. விட்டிருக்கணும். இப்ப அவனை அடிச்சுப் போட்டுட்டு வந்திருக்கேன். ஒருத்தரும் தடுக்கல."

"உயிரோட இருக்கானா?"

"இருக்கான்."

"உன் கை எப்படி இருக்கு?" என்று கேட்டான். "விரலை மடக்கிப் பாரு."

மடக்கிப் பார்த்தாள். பாதிதான் மடங்கியது. அவன் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, அவள் அந்தக் கையை முகத்தில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள்.